குழந்தைகளுக்கு விடுதலை தந்த மாண்டிசோரி அம்மையார்

மலைமேல் பள்ளிக்கூடம் என்றால் தமிழ்நாட்டாருக்கு ஞாபகம் வருவது மணியோசை, சீருடை, வரிசை. சேர்வராயன் மலைமீது ஏற்காட்டில் 1894-ல் சேக்ரட் ஹார்ட் பள்ளியும், 1917-ல் மான்ட்போர்ட் பள்ளியும் தோன்றின. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படியே பல பள்ளிகள் எழுந்தன. குளிர்ச்சியான காற்றும் கண்டிப்பான ஒழுங்கும் அவற்றுக்குப் பேர் வாங்கித் தந்தன.

1942-ம் ஆண்டில் கொடைக்கானல் மலைக்கு ஒரு மூதாட்டி வந்து சேர்ந்தார். வயது எழுபதுக்கு மேல். இத்தாலி தேசத்தவர். அப்போது இத்தாலி பிரிட்டனோடு யுத்தம் செய்துகொண்டிருந்தது. ஆகவே சர்க்கார் கணக்கில் அவர் எதிரி நாட்டுப் பிரஜை. நினைத்த ஊருக்குப் போக முடியாது. நாடு திரும்பவும் முடியாது.

அந்த நிலையில் அவர் அங்கே ஒரு சிறு பள்ளியை நடத்தினார். அதில் மணியடித்துப் பாடம் மாற்றுவது கிடையாது. பிரம்பு கிடையாது. பரிசும் கிடையாது. சின்னக் குழந்தைகளும் பெரிய பிள்ளைகளும் ஒன்றாகவே இருந்தார்கள். இலையும், மண்ணும், குட்டையில் நீந்தும் பூச்சியும் பாடப் புத்தகங்கள் ஆயின.

தாமே கட்டுக்காவலில் இருந்துகொண்டு குழந்தைகளுக்கு விடுதலை தந்த அந்த மூதாட்டிதான் டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்.

ஆசிரியை வேலை வேண்டாம்!

1870-ம் ஆண்டு ஆகஸ்ட் 31-ந் தேதி இத்தாலியில் கியாரவாலே என்னும் சிற்றூரில் மரியா பிறந்தார். தகப்பனார் அலெஸாண்ட்ரோ சர்க்கார் உத்தியோகஸ்தர். தாயார் ரெனில்டே படிப்பில் ஆசையுள்ளவர். ஒரே பெண் குழந்தை. மரியாவுக்கு 5 வயதானபோது குடும்பம் ரோமாபுரியில் குடியேறியது.

பெண் படித்து ஆசிரியை ஆகவேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அந்தக் காலத்தில் படித்த பெண்ணுக்கு அது ஒன்றே கௌரவமான வேலை. ஆனால் மரியா எந்த வேலைக்கும் தயார், ஆசிரியை வேலைக்கு மட்டும் தயாரில்லை என்று நின்றார். பிற்காலத்தில் உலகத்துக்கே ஆசிரியையாக விளங்கியவரின் பிடிவாதம் இது!

ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில் பள்ளியில் 13-ம் வயதில் சேர்ந்தார். முதலில் என்ஜினீயர் ஆக எண்ணினார். பிறகு மனம் மாறி டாக்டராவது என்று தீர்மானித்தார். பெண்ணாவது, வைத்தியம் படிப்பதாவது என்று ஊரே முகம் சுளித்தது. தகப்பனாருக்கும் சம்மதமில்லை. தாயார் மட்டும் மகள் பக்கம் நின்றார்.

எப்படியோ வைத்தியக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் பிணத்தை அறுத்துப் படிப்பது தகாது என்று தடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் வீடு திரும்பிய பிறகு, பிணவறையில் தன்னந்தனியாக அவர் அந்தப் பாடத்தைப் படிக்க வேண்டியிருந்தது. அதற்கும் அவர் அஞ்சவில்லை. 1896-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் டாக்டர்களில் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்குச் சொன்ன பாடம்

டாக்டர் வேலையில் அவர் கண்ட ஒரு காட்சி அவருடைய வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளை அப்போது பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் அடைத்து வைப்பது வழக்கம். வெறும் சுவர்கள் சூழ்ந்த அறை. சாப்பாடு முடிந்ததும் அந்தக் குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குவார்கள். பெருந்தீனிப் பிள்ளைகள் என்று காவல்காரி அருவருப்போடு குறை சொன்னாள்.

டாக்டர் மரியா உற்றுப் பார்த்தார். குழந்தைகள் துணுக்குகளைத் தின்பதற்காகவா பொறுக்கினார்கள்? இல்லை. அந்த அறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறு எந்தப் பொருளும் இல்லை! வயிற்றுப் பசி தீர்ந்தும் கையின் பசி தீரவில்லை. கைக்கு வேலை கொடுத்தால் மூளை விழிக்கும் என்று அவருக்குப் பட்டது.

இடார்ட், செகுவின் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் இதே துறையில் முன்னரே உழைத்திருந்தார்கள். அவர்களுடைய நூல்களைத் தம் கையாலேயே மொழிபெயர்த்து எழுதி எழுதிப் படித்தார். கட்டைகள், மணிகள், துணிகள், மரத்தில் செய்த எழுத்துகள் ஆகியவற்றைக் கொண்டு குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். உதவாது என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பரீட்சை எழுதித் தேறினார்கள்.

ஊரெல்லாம் பாராட்டியது. அம்மையாருக்கோ வேறொரு கவலை. மூளை குன்றிய பிள்ளை இவ்வளவு செய்யுமானால், நல்ல மூளையுள்ள பிள்ளைகள் பள்ளியில் இவ்வளவு கீழே கிடப்பதற்கு என்ன காரணம்? ஆணியடித்த பெஞ்சியில் அசையாமல் உட்கார வைப்பதுதான் காரணமோ என்று யோசித்தார்.

தாய் பட்ட துயரம்

இந்த நாட்களிலேதான் அவருடைய சொந்த வாழ்வில் பெருந்துயரம் ஒன்று நேர்ந்தது. தம்மோடு வேலை பார்த்த மான்டெஸானோ என்ற டாக்டரை அவர் நேசித்தார். 1898-ம் ஆண்டில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கல்யாணம் நடக்கவில்லை. செய்தி வெளியே தெரிந்தால் அவருடைய உத்தியோகமும் மதிப்பும் அன்றோடு போய்விடும். குழந்தையைக் கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்க்க விட்டார்கள். மான்டெஸானோ பிறகு வேறு பெண்ணை மணந்துகொண்டார்.

ஊரார் குழந்தைகளுக்காக உழைத்தவர் தம் குழந்தையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வரவேண்டியதாயிற்று. மாரியோ என்ற அந்தப் பிள்ளைக்கு ஏறத்தாழ 15 வயதானபோதுதான் தாயும் மகனும் ஒரே வீட்டில் வாழ ஆரம்பித்தார்கள். அப்போதும் உலகத்தின் முன்னால் வளர்ப்பு மகன் என்றும் உறவினர் என்றும் சொல்லவேண்டியிருந்தது.

ஏழைக் குழந்தைகளின் வீடு

ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்று ஓர் ஏழைப் பேட்டை இருந்தது. அங்கே பாழடைந்த கட்டடங்களைச் செப்பனிட்டு ஏழைத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். தாய் தகப்பன்மார் வேலைக்குப் போனதும், பள்ளி வயது ஆகாத சிறு குழந்தைகள் மாடிப்படிகளில் ஓடியாடிச் சுவர்களைக் கிறுக்கினார்கள். சுவர்கள் கெடாமல் இருக்கவேண்டுமானால் இந்தக் குழந்தைகளை ஓரிடத்தில் அடைத்து வைக்கவேண்டும். அந்தப் பொறுப்பு மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது.

1907-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி குழந்தைகள் வீடு திறக்கப்பட்டது. சுமார் 50 குழந்தைகள். எல்லாம் அழுக்கும் அழுகையும் பயமுமாக வந்தவர்கள். உபாத்தியாயர்களைப் போல் பயிற்சி பெறாத ஒரு பெண்ணையே அம்மையார் மேற்பார்வைக்கு அமர்த்தினார். பயிற்சி பெற்றவராயிருந்தால் பிரம்பையும் கூடவே கொண்டுவந்திருப்பார் அல்லவா?

பிறகு அங்கே நடந்தவை உலகத்தை வியக்க வைத்தன.

ஒரு சிறு பெண் குழந்தை மரக்கட்டைகளை அதனதன் குழியில் பொருத்திக்கொண்டிருந்தாள். மற்றக் குழந்தைகள் சுற்றிப் பாட்டுப் பாடினார்கள். அவளை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்தார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 40 தடவைக்குமேல் திரும்பத் திரும்பச் செய்து, தானாகவே நிறுத்திக்கொண்டு, தூங்கி எழுந்தவள்போல் தெளிந்த முகத்தோடு சிரித்தாள். குழந்தைக்குக் கவனம் நிற்காது என்று யார் சொன்னது?

சாமான்களை ஒரு பீரோவில் வைத்துப் பூட்டுவது வழக்கம். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார்கள். ஆசிரியை வருவதற்குள் குழந்தைகள் பீரோவைத் திறந்து, தங்களுக்கு வேண்டியதை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியைக்கு இது திருட்டாகத் தெரிந்தது. அம்மையாருக்கோ அது குழந்தை தன் பாடத்தைத் தானே தேர்ந்தெடுப்பதாகத் தெரிந்தது. அன்று முதல் பூட்டுள்ள பீரோ போய், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த அலமாரி வந்தது.

இன்னொரு நாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். கைக்குட்டையை மடித்து, சத்தமில்லாமல், நாசூக்காகத் துடைத்துக் காட்டினார். பாடம் முடிந்ததும் குழந்தைகள் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள்! காரணம் என்ன? மூக்கு ஒழுகுகிறது என்று அவர்களை எல்லாரும் திட்டியிருக்கிறார்கள். சரியாகத் துடைக்க அதுவரை ஒருவரும் கற்றுத்தரவில்லை.

பெருக்குவது, தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேஜை துடைப்பது, தட்டு எடுத்து வைப்பது எல்லாம் அங்கே பாடங்கள். விலையுயர்ந்த பொம்மைகள் வந்தன. குழந்தைகள் அவற்றை ஒரு மூலையில் விட்டுவிட்டு உண்மையான வேலையையே விரும்பினார்கள்.

மணலில் எழுதிய எழுத்து

படிப்பறியாத தாய்மார்கள் ஒரு நாள் அம்மையாரிடம் வந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர வேண்டும் என்று கெஞ்சினார்கள். அம்மையார் உப்புத்தாளை எழுத்து வடிவமாக வெட்டி அட்டையில் ஒட்டினார். குழந்தைகள் விரலால் அதைத் தடவினார்கள். தடவும்போதே அந்த எழுத்தின் ஓசையைச் சொன்னார்கள்.

நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி, விரலால் எழுதச் சொன்னார்கள் அல்லவா? விஜயதசமி அன்று நெல்லில் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம் அல்லவா? கைவழியே எழுத்து மனத்தில் பதியும் என்ற அந்தப் பழைய விஷயம்தான் இது. திண்ணைப் பள்ளியில் பிரம்பும் இருந்தது. அம்மையார் பிரம்பை நீக்கிவிட்டு விரலை மட்டும் வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் ஆயிற்று. டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் மொட்டை மாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள். 5 வயதுப் பையன் ஒருவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார் அம்மையார். வரைந்தான். திடீரென்று தரையில் ஒரு சொல்லை எழுதினான். தனக்கு எழுத வருகிறது என்று கூவிக் குதித்தான். மற்றக் குழந்தைகளும் ஓடிவந்து எழுதத் தொடங்கினார்கள். சில நாட்களில் தரையெல்லாம், சுவரெல்லாம் எழுத்து! வீட்டில் ரொட்டியின் மேல்கூட எழுதினார்களாம்.

புகழும் பழியும்

செய்தி நாலா திசையும் பரவியது. ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் அவருடைய நூல் வெளிவந்தது. 1915-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ பொருட்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பு ஒன்றை நடத்திக் காட்டினார்கள். இந்தியாவிலே குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்ற வக்கீல் தம் மகனின் படிப்புக்காக இந்த நூல்களைப் படித்தார். பிறகு வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு, 1920-ல் பாவநகரில் பாலமந்திரம் என்ற குழந்தைப் பள்ளியை ஆரம்பித்தார். 1931-ம் ஆண்டு அக்டோபரில் காந்தியடிகள் லண்டனில் அம்மையாரைச் சந்தித்தார்.

குறை சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு சாமானையும் இன்ன விதமாகத்தான் உபயோகிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அதைச் சுதந்திரம் என்பதா என்று அமெரிக்கப் பேராசிரியர்கள் கேட்டார்கள். கதைக்கும் கற்பனைக்கும் அங்கே போதிய இடமில்லை என்றார்கள். அம்மையார் தம் கருத்தில் உறுதியாக இருந்தார். குழந்தையைக் கவனியாமல் விட்டுவிடுவது வேறு, விடுதலை தருவது வேறு. பிறருக்கு இடைஞ்சல் செய்ய உரிமை இல்லை. செய்கிற வேலையைத் தானே தேர்ந்தெடுத்து, முடிக்கிறவரை செய்ய உரிமை உண்டு. இதுவே அவர் வகுத்த எல்லை.

அவர் மீது ஒரு பழியும் உண்டு. 1924-ம் ஆண்டு முதல் சர்வாதிகாரி முஸோலினியின் ஆதரவை ஏற்றுக்கொண்டார். பள்ளிகள் பெருகின. ஆனால் சர்வாதிகாரிக்கு வேண்டியது சொன்னபடி நடக்கும் சிப்பாய். அம்மையாருக்கு வேண்டியது தானே யோசிக்கும் குழந்தை. இரண்டும் எத்தனை நாள் ஒத்துப்போகும்? 1934-ல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சியும் அவற்றை மூடியது. ஸ்பெயினில் குடியிருந்தார். 1936-ல் அங்கேயும் உள்நாட்டு யுத்தம் மூண்டது. பிரிட்டிஷ் கப்பலில் ஏறித் தப்பினார். ஹாலந்து தேசம் அடைக்கலம் தந்தது.

அடையாறு தந்த பிறந்த நாள் பரிசு

அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் டாக்டர் அருண்டேலும் அவருடைய மனைவி ருக்மிணி தேவியும் அம்மையாரை இந்தியாவுக்கு அழைத்தார்கள். 1939-ம் ஆண்டின் கடைசியில் அம்மையாரும் மாரியோவும் சென்னைக்கு வந்தார்கள். சில மாதம் தங்கிவிட்டுத் திரும்புவதாக எண்ணம்.

அடையாற்றில் ஓலைக் கொட்டகைகள் போட்டார்கள். இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ அதை இங்கிலீஷில் சொல்வார்.

1940-ம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி யுத்தத்தில் குதித்தது. அன்றோடு நிலைமை தலைகீழாயிற்று. மாரியோவைச் சர்க்கார் பிடித்து முகாமில் அடைத்தது. அம்மையாரை அடையாற்றை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. எத்தனையோ ஆண்டு பிரிந்திருந்து சேர்ந்த மகன் மறுபடியும் பிரிந்தான்.

ஆகஸ்ட் 31-ந் தேதி வந்தது. அம்மையாருக்கு 70 வயது பூர்த்தி. அன்று வைஸ்ராயிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்த நாளுக்கு என்ன பரிசு அனுப்பலாம் என்று யோசித்ததாகவும், அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதே சிறந்த பரிசு என்று தீர்மானித்ததாகவும் தந்தி சொல்லியது. வளர்ப்பு மகன் என்றில்லை, மகன் என்றே அதில் கண்டிருந்தது. 42 ஆண்டுகளாக உலகத்தின் முன் சொல்லமுடியாத ஒரு வார்த்தையைச் சர்க்கார் தந்தி சொல்லிவிட்டது!

மலையும் ஒரு வகுப்பு

1942 முதல் 1944 வரை கொடைக்கானல் வாசம். கடல் மட்டத்துக்கு 7,000 அடி உயரத்தில், சோலைக் காடுகளுக்கும் ஓடைகளுக்கும் நடுவில், அம்மையாரின் எண்ணம் மேலும் விரிந்தது. அதுவரை பெரும்பாலும் 3 வயது முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியே அவர் பேசிவந்தார். இங்கே பெரிய பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று ஆராய்ந்தார். இலங்கையைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன என்ற அம்மையார் உடனிருந்து உதவினார்.

பெரிய பிள்ளைக்கு ஏன், எதற்கு என்ற கேள்விகள் பிறக்கின்றன. மழை எங்கிருந்து வருகிறது? பாசி எப்படிப் பாறையில் பிடிக்கிறது? மண்புழுவினால் யாருக்கு லாபம்? ஒன்றை இழுத்தால் உலகமே தொடர்ந்து வருகிறது. ஒவ்வோர் உயிரும் மற்றொன்றுக்கு உழைக்கிறது என்பதைப் பிள்ளைகள் நேரே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அம்மையாரின் முடிவு. இந்தக் கருத்தே பின்னால் பிரபஞ்சக் கல்வி என்று பேர் பெற்றது.

கைக்குழந்தைகளைப் பற்றிய எண்ணமும் இந்தியாவிலேதான் முதிர்ந்தது. நம் தாய்மார்கள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே சந்தைக்குப் போகிறார்கள், கிணற்றடிக்குப் போகிறார்கள், பேசுகிறார்கள். இடுப்பிலிருந்தபடியே குழந்தை உலகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்கிறது. உபாத்தியாயர் இல்லாமல், இலக்கணம் இல்லாமல், மூன்று வயதுக்குள் தாய்மொழியைப் பேசிவிடுகிறது. இதைவிடக் கடினமான பாடம் எந்தக் கல்லூரியில் உண்டு? நீரை உறிஞ்சுவதுபோல் உலகத்தை உறிஞ்சும் மனம் குழந்தையின் மனம் என்று அம்மையார் விளக்கினார். அதைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1949-ல் இந்தியாவிலேயே வெளிவந்தது.

யுத்தம் முடிந்து 1946-ல் ஐரோப்பாவுக்குப் போனார். 1947-ல் மறுபடி வந்து 1949 வரை தங்கினார். இந்தியாவில் அவரிடம் பயிற்சி பெற்றவர்கள் 1,000 பேருக்குமேல். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நோபல் சமாதானப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. 1952-ம் ஆண்டு மே 6-ந் தேதி ஹாலந்தில் கடலோர ஊரான நூர்ட்விக்கில், 81-ம் வயதில் காலமானார். அப்போதும் மாரியோ அருகே இருந்தார்.

காசில்லாத பாடம்

ஏழைத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காகத் தோன்றிய முறை இது. இன்று பெரிய ஊர்களில் மாண்டிசோரி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்தால், சம்பளம் எவ்வளவோ என்று பெற்றோர் தயங்குகிறார்கள். ஆயினும் அம்மையாரின் எண்ணம் ஏழைப் பள்ளிகளையும் தொடாமல் போகவில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, பிறகு தமிழ்நாடு முழுவதும் சென்ற செயல்வழிக் கற்றலில், பிள்ளைகள் பெஞ்சியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள். கரும்பலகை அவர்கள் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கி வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அட்டை எடுத்துப் படித்தது.

பள்ளிக்கு வெளியே இதைச் செய்யக் காசு எதற்கு? சேர்வராயன் மலையில் ஒரு காப்பித் தோட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கோடை மழை விழுந்த சில நாட்களில் செடியெல்லாம் வெள்ளைப் பூ. பிறகு பச்சைக் காய். பின்பனிக்குள் சிவந்த பழம். பழத்தைப் பறித்து, தோலை நீக்கி, கொட்டையைக் கழுவிக் காய வைக்கிறார்கள். எண்ணவும், நிறுக்கவும், பருவம் அறியவும், பொறுமை பழகவும் அங்கே பாடம் இருக்கிறது. சமவெளியிலே வயல் இருக்கிறது, தறி இருக்கிறது, சமையலறை இருக்கிறது.

ஆனால் ஒன்று. வேலையைப் பார்த்துக் கற்பது வேறு, வேலைக்குக் குழந்தையை விற்பது வேறு. குழந்தையின் உழைப்பால் வீட்டுக்குக் கூலி வருவதற்காக அம்மையார் இதைச் சொல்லவில்லை. அந்த உழைப்பால் குழந்தை மனிதனாக வளர்வதற்காகவே சொன்னார். ஆகையால் பள்ளிக்கூடத்தை மூடிவிட அவர் ஒருநாளும் சொன்னதில்லை. குழந்தை விரும்பி நுழையும் வீடாகப் பள்ளியை மாற்றவே சொன்னார்.

மூன்று வயதுக் குழந்தை சொம்பை எடுத்துத் தானே தண்ணீர் ஊற்றப் பார்க்கிறது. கை நடுங்குகிறது. கொஞ்சம் சிந்துகிறது. உடனே பிடுங்கி நாமே ஊற்றிக் கொடுத்துவிட்டால் நமக்கு வேலை சுருக்கமாக முடியும். சிறு சொம்பாகக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று ஒரு தடவை மெதுவாகக் காட்டி, துடைக்க ஒரு துணியையும் பக்கத்தில் வைத்துவிட்டால் குழந்தைக்கு ஒரு வித்தை கைவரும். மாண்டிசோரி அம்மையார் 81 ஆண்டு வாழ்ந்து பெற்றோரிடம் கேட்டது இந்தப் பொறுமையைத்தான்.